சிவப்பு மாத்திரை: உடல், கூலி, நேரம்

1

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பத்தில் என் பிறந்த வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைத்தாச்சிகள் இருந்தோம். ஒன்று நான். வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை என்பதால் ஐந்தாம் மாதமே வந்து உட்கார்ந்துகொண்டேன். இன்னொருத்தி என் மதினி. அண்ணன் பெண்டாட்டி. கம்பம்மெட்டு ஏறி கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறவள். நான் தமிழ் எம்.ஏ., விமர்சனக் கட்டுரைகள் எழுதுகிறவள். மதினி எட்டாவதோடு நின்றவள். இருவருக்கும் நாள் கணக்கில் மூன்று வாரம்தான் வித்தியாசம்.

வீட்டில் இரண்டு வகை மாத்திரைகள் புழங்கின. என்னுடையவை காசு கொடுத்து டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கியவை. பளபளப்பான அட்டை, வாயில் நுழையாத பெயர், ஒரு மாதத்துக்கு வாங்கினால் மதினியின் இரண்டு நாள் கூலி போய்விடும். மதினியுடையவை சுகாதார நிலையத்து நர்ஸம்மா கொடுத்தவை. சிவப்பு நிறம். இலவசம். என்னுடையதை 'வைட்டமின்' என்றோம். அவளுடையதை 'சத்து மாத்திரை' என்றோம். இந்தப் பெயர் வித்தியாசத்திலேயே ஒரு வர்க்க வித்தியாசம் இருக்கிறது என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

மதினிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அம்மா அரிசிப் பானையைக் கழுவிக் காயவைக்க எடுத்தாள். அடியில் பிரிக்காத சிவப்பு மாத்திரை அட்டைகள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல, மூன்று மாதத்து அட்டைகள். அந்த மாதம் பார்த்த ரத்தப் பரிசோதனையில் மதினிக்கு ஹீமோகுளோபின் 7.6. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது பொதுவான கணக்கு. 7க்குக் கீழே இறங்கினால் கடுமையானது. பிரசவத்தில் சாதாரணமாகப் போகிற ரத்தமே அப்படிப்பட்ட உடம்புக்கு ஆபத்தாகிவிடும்.

இதே வாரங்களில்தான் நான் ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாசிப்பதற்காக உடலையும் அரசையும் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் இந்த மாத்திரை ஓர் உதாரணமாக வந்தது. 'பெண்ணின் வாய்க்குள் அரசு நீட்டும் விரல்' என்று எழுதியிருந்தேன். எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். அடுப்படியில் இருந்த மதினி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப நீ தெனமும் திங்கிறயே, அது யாரு வெரலு பிள்ள?" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அவளுக்குத் தாமதமாகச் சொல்லும் பதில். அதற்கு முதலில் அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமலேயே அதைப் பற்றி எழுதியதுதான் நான் செய்த முதல் தப்பு.

2

சிவப்பு மாத்திரையில் இரண்டு பொருள்கள் உண்டு. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த 'ரத்தசோகையற்ற இந்தியா' திட்டத்தின்படி கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாகக் குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். என் பளபளப்பான அட்டையின் பின்பக்கத்தைப் பொடி எழுத்தில் வாசித்துப் பார்த்தேன். இரும்பு, ஃபோலிக் அமிலம். கூடவே துத்தநாகமும் பி12உம் கொஞ்சம் சேர்த்திருந்தார்கள். அடிப்படையில் இரண்டும் ஒரே சரக்கு.

இரும்பு எதற்கு? கர்ப்பகாலம் முழுவதற்கும் ஒரு பெண்ணுக்குக் கூடுதலாகச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்குமாக அதில் 300 போகும். தாயின் உடம்பில் ரத்தத்தின் அளவே பெருகுவதால் புதிய சிவப்பணுக்களுக்கு 500 வரை வேண்டும். மிச்சம் வழக்கமான இழப்புக்கும் பிரசவ ரத்தப்போக்குக்கும். மொத்தமே ஒரு கிராம்தான், ஒரு ஆணியின் எடைகூட இல்லை. ஆனால் அந்த ஒரு கிராமைச் சோற்றிலிருந்து எடுப்பது லேசில்லை. கீரை, பயறு, தானியங்களில் இருக்கிற இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால் அதிகம். கறி, ஈரல், மீனில் உள்ளது கூடுதலாகச் சேரும். 'முருங்கைக்கீரை தின்னா ஆகாதா' என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் கிடையாது. நல்லதுதான், தின்னலாம். ஆனால் வயசுக்கு வந்ததிலிருந்தே குறைந்துகொண்டுவந்த இருப்பை, ஆறு மாதத்தில் கீரையால் மட்டும் நிரப்பிவிட முடியாது. அதற்குத்தான் மாத்திரை.

உள்ளே போன இரும்பு எல்லாம் சேர்ந்துவிடுவதும் இல்லை. டீயிலும் காப்பியிலும் இருக்கிற டானின் போன்ற பொருள்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்புச்சத்தும் குறுக்கே நிற்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் உள்ள வைட்டமின் சி அதை உள்ளே இழுத்துவிடும். அதனால் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடக்கூடாது, இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சேராத இரும்பு மலத்தைக் கறுப்பாக்கும். இது வியாதி அல்ல. ஆனால் குமட்டலும் மலச்சிக்கலும் நிஜமானவை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் தினமும் காலையில் இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வாயில் போட்டு ஒரு டம்ளர் பால் குடித்துக்கொண்டிருந்தேன். பாதிக்காசு வீணாய்ப் போயிருக்கும். 'அறியாமை' என்ற சொல்லை அரசாங்கச் சுவரொட்டிகள் யாரைப் பார்த்துச் சொல்கின்றன? மதினியைப் பார்த்து. எம்.ஏ. படித்தவளின் பால் டம்ளரை யாரும் கேட்பதில்லை.

ஃபோலிக் அமிலத்தின் கதை வேறு. புதிய செல்கள் பெருகுவதற்கு அது தேவை. கருவில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய், கரு உண்டான முதல் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டு பிளந்து பிறக்கலாம், மண்டையோடு முழுமையாகாமல் பிறந்து இறக்கலாம். 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு வெளியானது. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தையைப் பெற்ற பெண்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் அது மறுபடி நிகழும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. அதனால்தான் கருத்தரிப்பதற்கு முன்பே, இல்லாவிட்டால் முதல் வாரங்களிலிருந்தாவது, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொல்கிறார்கள்.

ஆனால் 28 நாள் என்பது என்ன கணக்கு? 'நாள் தள்ளிப்போயிருக்கு' என்று ஒரு பெண் சந்தேகப்பட்டு, இன்னும் பத்து நாள் பார்த்து, மாமியாரிடம் சொல்லி, நர்ஸம்மாவிடம் போவதற்குள் அந்த ஜன்னல் சாத்திவிடும். நானே இரண்டாம் மாதக் கடைசியில்தான் டாக்டரைப் பார்த்தேன். என் குழந்தை நன்றாகப் பிறந்தது என் படிப்பால் அல்ல.

குழந்தைக்கு இதில் என்ன பங்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை முதல் நான்கு முதல் ஆறு மாதத்துக்கான இரும்பைத் தாயிடமிருந்து சேமித்து எடுத்துக்கொண்டே பிறக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. இருப்பது நன்றாகச் சேரும் என்றாலும், குழந்தை பெரும்பாலும் இந்தச் சேமிப்பை வைத்தே காலம் தள்ளுகிறது. சேமிப்பில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில் நடக்கிறது. ஆகவே குறைமாதத்தில் பிறந்ததும் எடை குறைந்து பிறந்ததும் கையில் குறைவான முதலோடு வருகின்றன. பிறந்தவுடன் அவசரப்பட்டுத் தொப்புள்கொடியைக் கட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிஷம் பொறுத்தால், கொடியில் மிச்சமிருக்கிற ரத்தமும் குழந்தைக்குப் போய்ச் சேரும். பிறகு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். எங்கள் பக்கம் 'சேனை வைக்கிறது' என்று நாக்கில் தொட்டு வைக்கிற சீனித்தண்ணிகூட வேண்டாம் என்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு கூட்டுணவும், வாரம் இருமுறை இரும்புச்சத்து மருந்தும். சிசுப்பருவத்தில் இரும்பு குறைந்தால் அது ரத்தத்தோடு நிற்பதில்லை, மூளை வளர்ச்சியையும் பாதிக்கிறது.

3

இந்த மாத்திரைக்கு ஒரு வரலாறு உண்டு. நம்மூர் வரலாறு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு 'அரசின் விரல்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகள் சாவதற்கான காரணங்களை ஆராயும் ஒரு விசாரணை அங்கே நடந்துகொண்டிருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைபார்த்த பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ஒருவகைக் கடுமையான ரத்தசோகை வந்தது. வழக்கமான இரும்புக் குறைவு மாதிரி அல்ல. ரத்த அணுக்கள் சிறுத்துப்போவதற்குப் பதில் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. கிருமியா என்று தேடினார், இல்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார். வேறு வேறு வர்க்கத்துப் பெண்களின் சாப்பாட்டை ஒப்பிட்டார். யாருடைய தட்டு மிக மோசமாக இருந்ததோ அவர்களிடம்தான் இந்த நோய் அதிகமாக இருந்தது. இந்த ஆய்வு அவரைக் குன்னூருக்கும், 1931இல் சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த கோஷா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தது. இன்றைய கஸ்தூரிபா காந்தி தாய்சேய் மருத்துவமனை அது.

கடைசியில் நோயைத் தீர்த்தது ஒரு மலிவான பண்டம். பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்கிற மார்மைட். இலங்கையில் இன்றைக்கும் ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார்களே, அதேதான். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே வில்ஸ் 1931இல் தன் முடிவை வெளியிட்டார். அந்தத் தெரியாத பொருளை 'வில்ஸ் காரணி' என்று அழைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1941இல், அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக்கீரையை அரைத்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் 'ஃபோலியம்'. அதனால் அது ஃபோலிக் அமிலம் ஆயிற்று.

அதை ஆலையில் செய்யக்கூடிய பொருளாக 1945இல் மாற்றியது ஓர் அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அதற்குத் தலைமை தாங்கியவர் யெல்லப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னதைக் கேட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான பட்டத்தோடு வெளியே வந்தவர். அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்துச் செத்துப்போனது ஸ்ப்ரூ என்கிற குடல் நோயால். அந்த நோய்க்குக் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று ஃபோலிக் அமிலம்.

ஆக இந்த மாத்திரை, ஆலைத் தொழிலாளிப் பெண்ணின் தட்டைப் பார்த்ததிலிருந்து பிறந்தது. கூலி எவ்வளவு, அந்தக் கூலியில் என்ன வாங்க முடியும், அது ரத்தத்தில் எப்படித் தெரிகிறது என்கிற கேள்வியிலிருந்து வந்தது. பிறகு என்ன நடந்தது? பதில் மாத்திரையாகச் சுருங்கியபோது கேள்வி காணாமல் போயிற்று. 1970இல் இந்திய அரசு கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சுகாதாரத் துறையில் முன்னோடி என்று நாம் பீற்றிக்கொள்ளும் தமிழ்நாட்டில் 48.3. இரண்டில் ஒருத்தி.

4

ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன.

முதலாவது அதிகாரிகளின் பதில். பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை, மூடநம்பிக்கை. மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப்போய் ஆபரேஷனாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார்கள். இதெல்லாம் எங்கள் தெருவிலும் நான் கேட்டதுதான். ஆனால் இந்தப் பயங்களுக்கு உள்ளே ஒரு தர்க்கம் இருக்கிறது. வயிற்றைக் கிழித்தால் எத்தனை மாதம் கூலி போகும் என்று தெரிந்தவள்தான் பெரிய பிள்ளைக்குப் பயப்படுவாள். கறுப்பு வேண்டாம் என்ற எண்ணத்தை அவளுக்குக் கொடுத்தது யார்? எனக்காக அம்மா குமுளிக்குப் போய்க் குங்குமப்பூ வாங்கிவந்தாள். பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமாம். ஒரு கிராம் பூவுக்குக் கொடுத்த காசில் மதினிக்கு எத்தனையோ நாளைக்கு முட்டை வாங்கியிருக்கலாம். அதை யாரும் மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, பாசம் என்கிறோம்.

இரண்டாவது நம் பதில். சிறுபத்திரிகைக்காரர்களின் பதில். ஃபூக்கோ 1976இல் பாலியலின் வரலாறு பற்றிய தன் முதல் தொகுதியில் உயிரதிகாரம் என்ற கருத்தை முன்வைத்தார். பழைய அரசனின் அதிகாரம் சாகடிப்பதில் இருந்தது, நவீன அரசின் அதிகாரம் வாழவைப்பதில், எண்ணுவதில், எடைபோடுவதில் இருக்கிறது என்பது அதன் சாரம். கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் ஓர் எண். கையில் ஓர் அட்டை. எடை, உயரம், ரத்தம், தடுப்பூசி எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். இதை உயிரதிகாரம் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? நெருக்கடி நிலைக் காலத்தில், 1975–77இல், குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரில் இந்த அரசு ஏழைகளின் உடம்பில் என்ன செய்தது என்பது வரலாறு. மாத்திரையைக் கண்டு பயப்படுகிறவளுக்கு அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. இதையெல்லாம் நான் எழுதினேன். இன்றைக்கும் இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முதல் பதிலில் மதினி ஒரு முட்டாள். இரண்டாவது பதிலில் அவள் ஒரு எதிர்ப்பாளி. அரிசிப் பானையில் மாத்திரையை ஒளித்ததை அரசுக்கு எதிரான மௌனக் கலகம் என்று நான் எழுதியிருப்பேன், எழுதவும் யோசித்தேன். இரண்டிலும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் உடம்பைப் பிரதியாக வாசித்து முடித்துவிட்டோம்.

இது புதுசும் இல்லை. புறநானூற்றின் இருபதாம் பாட்டு ஒரு சேர மன்னனைப் புகழ்கிறது. உன் நாட்டு மண்ணைப் பகைவர் யாரும் கைக்கொள்ள முடியாது, மசக்கையில் வேட்கைகொண்ட பெண்கள் உண்டால்தான் உண்டு என்பது அதன் கருத்து. எம்.ஏ. வகுப்பில் இதை மன்னனின் வலிமைக்கு உதாரணமாகப் படித்தோம், தேர்விலும் எழுதினோம். மதினி ஐந்தாம் மாதத்தில் பச்சரிசியைக் கைக் கையாக அள்ளித் தின்றாள், பலப்பம் தின்றாள். மழை பெய்தால் மண்வாசத்துக்கு நாக்கு ஊறுது என்பாள். 'மசக்கை' என்று சிரித்தோம். மண், சாம்பல், பச்சரிசி இப்படி உணவல்லாததைத் தேடும் வேட்கை இரும்புக் குறைவோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது என்பதை மருத்துவர்கள் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எது எதற்குக் காரணம் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. மண் தின்கிற பெண் புலவனுக்கு மன்னன் புகழாகத் தெரிந்தாள், எங்களுக்கு வேடிக்கையாகத் தெரிந்தாள். அவள் ரத்தத்தில் என்ன குறைகிறது என்று இரண்டாயிரம் வருஷத்து வாசகர்களான நமக்குக் கேட்கத் தோன்றவில்லை.

5

கேட்டது நர்ஸம்மா. மற்ற எல்லோரும் 'ஏன் சாப்பிடல' என்றுதான் கேட்டோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்ட கேள்வி வேறு: "நீ எப்ப சாப்பிடுற?"

மதினி சொன்னாள். எனக்கும் அன்றுதான் தெரிந்தது. காலையில் நாலரைக்கு எழுந்து சோறாக்கி, தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, ஆறு மணிக்கு முன்னால் ஜீப்புக்குப் போக வேண்டும். நர்ஸம்மா முதலில் சொன்னபடி காலையில் மாத்திரை போட்டால் வெறும் வயிறு. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்பக் குமட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் பக்கத்தில் இருந்தவள் சேலையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொள்ள யோசித்தார்களாம். ஜீப்பை விட்டால் அன்றைய கூலி இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்றால், சோற்றோடு கட்டஞ்சாயா. குளிருக்கு அது இல்லாமல் முடியாது. மாத்திரை போட்டால் வயிறு இறுகிக்கொள்கிறது, அப்புறம் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாது. தோட்டத்தில் கக்கூஸ் கிடையாது. ஏலச்செடி மறைவில் ஒதுங்க வேண்டும். "நெறஞ்ச வயித்தோட எங்கிட்டுப் போயி ஒக்கார்றது, அட்டை வேற கடிக்கிது" என்றாள்.

அவ்வளவுதான் காரணம். மூடநம்பிக்கையும் கலகமும் இதில் எங்கே இருக்கின்றன? மாத்திரைக்கு ஒரு நேரம் வேண்டும். குமட்டினால் உட்கார ஓர் இடமும், வயிறு கலங்கினால் ஒதுங்க ஒரு கதவும் வேண்டும். என் நேரம் என்னுடையதாக இருந்தது, அதனால் பால் டம்ளரோடு தப்பாகவாவது என்னால் மாத்திரை சாப்பிட முடிந்தது. மதினியின் விடிகாலை ஜீப்புக்காரருடையது, பகல் தோட்டத்துக்காரருடையது. திட்டம் மாத்திரையைக் கணக்கிட்டது. அதை விழுங்குவதற்கான நேரத்தைக் கணக்கிடவில்லை. நான் அதிகாரத்தைக் கணக்கிட்டேன், நேரத்தை நானும் கணக்கிடவில்லை.

நர்ஸம்மா சொன்ன வைத்தியம் சாதாரணமானது. ராத்திரிச் சோறு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடு. பால் வேண்டாம், தண்ணி போதும். ஒரு நெல்லிக்காயோ கொய்யாத்துண்டோ கடித்துக்கொள். கால்சியத்தைக் காலையில் எடுத்துக்கொள். மலம் கறுத்தால் பயப்படாதே. பூச்சி மாத்திரை போட்டாயா என்றும் கேட்டாள். ஈரமண்ணில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு காலின் தோல் வழியாகவே ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கும். அதனால்தான் நாலாம் மாதத்துக்கு மேல் ஒரு முறை அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். பி12 குறைவு, தலசீமியா மாதிரி வேறு காரணங்களும் உண்டு, இரும்புக்கு மசியாத ரத்தசோகையை டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

ஆனால் ஏழாம் மாதம் போய்க்கொண்டிருந்தது. மாத்திரையால் மட்டும் எட்டிப்பிடிக்க நாள் போதாது என்று அரசு ஆஸ்பத்திரியில் இரும்பை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அந்த நாட்களில் மதினி வேலைக்குப் போகவில்லை. பிரசவத்தின்போது 9.4 இருந்தது. பெண் குழந்தை, 2 கிலோ 300. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை. என் பையன் 3 கிலோ 100. மூன்று வாரம் முன்பின்னாக ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள். அந்த 800 கிராமுக்கு மாத்திரை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். மதினி சின்ன வயசிலிருந்து சாப்பிட்டதும் சாப்பிடாததும், கர்ப்பத்தில் ஏறியிறங்கிய மலையும், சுமந்த சுமையும் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. லூசி வில்ஸ் பம்பாயில் பார்த்த தட்டு கம்பத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தது, ஒரே அடுப்படியில்.

அப்படியானால் மாத்திரையை என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்ல எனக்கு இப்போது உரிமை இல்லை. காசு கொடுத்து வாங்கித் தின்றவள் நான். வேண்டாம் என்கிற சொகுசு, வேறு வழி உள்ளவர்களுக்குத்தான் வாய்க்கும். கண்காணிப்பு என்று நாம் வர்ணிக்கிற அதே பதிவேடுதான், 7.6 என்ற எண்ணை எழுதி மதினியைக் காப்பாற்றியது. அதே பதிவேட்டில் 'மாத்திரை வழங்கப்பட்டது' என்ற கட்டம் இருந்தது, மூன்று மாதமும் அதில் டிக் இருந்தது. வழங்கியதை எழுதுகிற கட்டம் உண்டு. எந்த நேரத்தில் விழுங்கினாள் என்று கேட்கிற கட்டம் இல்லை. நம் விமர்சனம் செல்ல வேண்டிய இடம் இந்த வெற்றிடம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ஆகவும் உயர்ந்தது. இழந்த கூலிக்கு ஈடு, சாப்பாட்டுக்குத் துணை என்பதுதான் இதன் அடிப்படை. நல்ல யோசனை. அதாவது அரசுக்கே தெரியும், பிரச்சினை கூலி என்று. 1961இல் வந்த மகப்பேறு உதவிச் சட்டம் தோட்டங்களையும் சேர்த்துப் பேசியது, 2017இல் அந்த விடுப்பு 26 வாரமாயிற்று. ஆனால் விடியலில் ஒரு மாநிலத்தில் ஜீப் ஏறி, அடுத்த மாநிலத்தில் காய் எடுத்து, பொழுது சாய வீடு திரும்புகிற நாட்கூலிப் பெண்ணின் பெயர் எந்தத் தோட்டத்துப் பேரேட்டில் இருக்கிறது? அவளுக்குத் தோட்டத்தில் ஒரு கக்கூஸ், கர்ப்ப காலத்தில் மலையேறாத வேலை, பரிசோதனை நாளுக்குக் கூலி கிடைத்தால், சிவப்பு மாத்திரை தானாக உள்ளே போகும். விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டியது மதினிக்கா, தோட்டத்துக்காரருக்கா?

2021இல் அறிவித்து, அடுத்த மூன்று வருஷங்களில் ரேஷன் அரிசியிலேயே இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் பி12ஐயும் கலந்து கொடுத்தார்கள். களையும்போது மிதந்த அந்த மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று எங்கள் தெருவில் பொறுக்கி வெளியே போட்டார்கள். அதிலும் இதே கதைதான். கலந்தவர்களுக்கு, அரிசி களைகிறவளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

என் பழைய கட்டுரையை நான் கூட்டத்தில் வாசிக்கவில்லை. அதில் இருந்த கோட்பாடு தப்பு என்பதால் அல்ல. அதில் காலை நாலரை மணி இல்லை, ஜீப் இல்லை, கட்டஞ்சாயா இல்லை. இவை இல்லாமல் பெண் உடல் பற்றி நாம் எழுதுவது சுவரொட்டியைவிட எந்த விதத்தில் மேலானது என்று எனக்குத் தெரியவில்லை. நண்பர்கள் மறுக்கலாம், விவாதிக்கலாம்.

மதினியின் மகளுக்கு இப்போது மூன்று வயசு நெருங்குகிறது. பால்வாடியில் வாரம் இருமுறை கொடுக்கிற இரும்பு மருந்தைப் பாதி துப்பிவிடுகிறாள். மதினி மறுபடியும் ஜீப் ஏறுகிறாள். இந்தக் கட்டுரையையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நேரத்தப் பத்தி எழுதுனது சரிதேன் பிள்ள. கூலியப் பத்தி இன்னுங் கொஞ்சம் எழுதியிருக்கலாம்" என்றாள். அவள் சொல்வது சரி. அடுத்த கட்டுரையை அவளிடம் கேட்டு எழுத வேண்டும்.